வலப்பக்கத்து ஏணி

மன்னார் பட்டினத்து மீன் சந்தையில், கலந்தரின் கடையில் மீன் வெட்டுகிறவர் வின்சன்ட் லெம்பேட். ஐம்பத்தைந்து வயது. கட்டைக் கழுத்து, அகன்ற தோள், எப்போதும் பாதி மூடியபடி இருக்கிற பெரிய கண்கள். வாங்குகிறவர் துண்டு எவ்வளவு பருமன் என்று விரலால் காட்டினால் போதும், கத்தி இறங்கிவிடும். வருசத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அவருடைய முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பார்கள், தராசைப் பார்ப்பார்கள், சீலாவின் செவுளை விரித்துப் பார்ப்பார்கள். மீன் வெட்டுகிறவனின் முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

மிச்சமிருக்கிற அந்த ஒரு நாளில் ஊரே அவரை அண்ணாந்து பார்க்கும்.

அது பெரிய வெள்ளி. தீவின் வடகரையில் அவருடைய ஊர் பூவரசங்குடா. அங்கே ஆண்டவருடைய பாடுகளைச் சொரூபங்களை வைத்துக் காட்சியாக நடத்துவார்கள், பாஸ் என்பார்கள். ஆண்டவரின் சொரூபத்துக்குத் தோள்மூட்டு மடங்கும். மூன்று மணிக்குப் பிறகு சிலுவையின் இரு பக்கமும் ஏணி சாத்தி, இரண்டு பேர் ஏறி, குறட்டால் ஆணியைப் பிடுங்கிச் சனத்துக்குத் தூக்கிக் காட்டி, வெள்ளைச் சீலையில் அந்த உடலைத் தாங்கி மெல்ல மெல்ல இறக்குவார்கள். அந்த நேரத்தில் அழாத பெண் இல்லை. வலப்பக்கத்து ஏணி லெம்பேட் குடும்பத்துக்கு. வின்சன்டின் பாட்டனார் ஏறினார், தகப்பனார் ஏறினார், முப்பத்தொரு தடவை வின்சன்ட் ஏறினார்.

அதற்காக அவர் கிடந்த தவம் கொஞ்சமல்ல. விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கினால், நாள் முழுக்க மீனுக்குள் கிடக்கிற மனிதர் ஒரு துண்டு மீனை வாயில் வைக்க மாட்டார். பெரிய வியாழன் பின்னேரம் கிணற்றடியில் குந்தி இருந்து, எலுமிச்சங்காயும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்ப்பார். தோல் உரியுமட்டும் தேய்ப்பார். மனைவி பவுலீன் வந்து கையை முகர்ந்து, "இப்ப மணக்கேல்லை, எழும்புங்கோ" என்று சொன்னால்தான் எழும்புவார். மீன் நாறுகிற கையால் ஆண்டவரைத் தொடக் கூடாதே!

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு படம் வந்து ஏணியால் இறக்கியது.

போன கார்த்திகை மாதத்து மழையில் நிரூபன் சந்தைக்கு வந்தான். அடம்பன் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்துவிட்டுப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தான். பாரை வாங்க வந்தவன் பாரையை விட்டுவிட்டு, குனிந்து வெட்டிக்கொண்டிருந்த வின்சன்டையே பார்த்தபடி நின்றான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட கழுத்தை ஒருக்காப் படமாக் கீறலாமோ?"

தராசடியில் இருந்த கலந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கழுத்தை மட்டும் தனியாக் குடுக்கேலாது தம்பி. வாங்கிறதெண்டா முழுசா வாங்கோணும்."

நிரூபனும் சிரித்தான். பிறகு விசயத்தைச் சொன்னான். பட்டினத்தில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு மண்டபத்துக்குப் பெரிய சரித்திரப் படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடைசி ராசாவைப் போர்த்துக்கீசப் பறங்கியர் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற காட்சியை அவன் கீறப்போகிறான். ராசாவுக்கு ஒரு கழுத்தும் ஒரு முகமும் வேண்டும்.

"ஆரப்பா அந்த ராசா?" என்று வின்சன்ட் கேட்டார்.

"சங்கிலி குமாரன்."

வின்சன்டின் கத்தி நின்றது. "சங்கிலியோ? எங்கட ஆக்களை வெட்டினவனெல்லோ?"

மன்னாரில் கிறிஸ்தவ வேதத்தில் பிறந்த ஆறேழு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும். ஐந்நூறு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்; புதிதாக ஞானஸ்நானம் பெற்ற அறுநூறு பேரை, குழந்தை குட்டி என்று பாராமல், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் வெட்டுவித்தான் என்பார்கள். பூவரசங்குடாவில் சொல் கேளாத பிள்ளையைச் 'சங்கிலி வாறான்' என்றுதான் வெருட்டுவார்கள்.

"அது வேற ஆள் அண்ணை," என்றான் நிரூபன். "அவன் செத்து ஐம்பது வருசத்துக்கு மேல கழிச்சுத்தான் இவன் சிங்காசனக் கதிரைக்கு வாறான். இங்க வெட்டுவிச்சது பெரிய சங்கிலி. கோவாவில செத்தது கடைசிச் சங்கிலி. இவன் சாக முந்தி ஞானஸ்நானம் எடுத்தவன் எண்டு பறங்கியரே எழுதி வைச்சிருக்கினம்."

"அப்ப சிலுவையைக் கும்பிட்டுக்கொண்டுதான் செத்தவனோ?"

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் கீறப்போறன்."

அது போதும் வின்சன்டுக்கு. வேறொன்றும் கேட்கவில்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரங்களில், நிரூபனின் வாடகை அறையில் ஐஸ் மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் முன்னால் முழங்காலில் நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தது. முதல் இரண்டு கிழமையும் முகம் சரிவரவில்லை. மூன்றாம் கிழமை நிரூபன் சொன்னான்: "அண்ணை, நிலத்தைப் பாக்காதேங்கோ. தூரத்தில கடல் தெரியுது. அதுக்கு அங்கால உங்கட வீடு. இனி நீங்கள் போகமாட்டியள். அப்பிடி நினையுங்கோ."

நினைக்க வேண்டிய தேவை வின்சன்டுக்கு இருக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, இருபது வயதில், யுத்தத்துக்குப் பயந்து தாயோடும் தங்கையோடும் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினபோது தகப்பன் வரவில்லை. "சொரூபத்தைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? நீங்கள் போங்கோ" என்று கரையில் நின்று கையைக் காட்டினார். தீவு ஒரு கோடாகித் தேய்ந்து மறையுமட்டும் வின்சன்ட் பார்த்துக்கொண்டே போனார். மூன்று வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது தகப்பன் இல்லை. யாரோ அடக்கம் செய்திருந்தார்கள். சொரூபம் இருந்தது. அந்த வருசம்தான் வின்சன்ட் முதல் தடவையாக ஏணியில் ஏறினார்.

"அசையாதேங்கோ அண்ணை," என்றான் நிரூபன். "அப்பிடியே இருங்கோ."

மண்டபத்தை மாசி மாதக் கடைசியில் திறந்தார்கள். படம் ஒரு சுவரை முழுதாக அடைத்தது. கடற்கரைச் சதுக்கத்தில் மரமேடை. அதில் முழங்காலில் அரசன். சிலுவையை நீட்டியபடி ஒரு துறவி. தலைமுடி மழிக்கப்பட்ட அரசி, இரண்டு பெண்கள் பிடித்து இழுக்க, மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடக்கிறாள். வெட்டுகிறவன் கோடரியைத் தூக்கவில்லை. விரலால் கூர் பார்க்கிறான். பறங்கித் தளபதி அலுத்துப்போய் வேறெங்கோ பார்க்கிறான். அத்தனை பேருக்கும் நடுவில் அரசனின் கண்கள் மட்டும் கடலுக்கு அப்பால் போய்விட்டன. வின்சன்டுக்கு அன்றைக்கு வேலை, போகவில்லை.

படம் யாருடையதோ கைபேசியில் ஏறி, அடுத்த நாளே பூவரசங்குடாவுக்கு வந்துவிட்டது. கீழே 'சங்கிலி மன்னன்' என்று மட்டும் எழுதியிருந்தது. விபூதிப் புதனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

கோயில் மூப்பர் சந்தியோகு, கைபேசியை வின்சன்டின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது ஆர்?"

"நான்தான் மூப்பர். ஆனா..."

"அறுநூறு கழுத்தை வெட்டுவிச்சவனுக்கு உன்ர முகம். அதே முகத்தோட ஏணியில ஏறி ஆண்டவரைத் தொடப்போறாய். சனம் எப்பிடிப் பாக்கும்?"

சனம் எப்படியெல்லாம் பார்த்தது! கடைக்குப் போனால் "ராசா வாறார், வழி விடுங்கோ" என்றார்கள். மகள் டிலக்சனாவை ஞாயிறு மறைக்கல்வியில் யாரோ 'இளவரசி' என்றார்களாம். அவள் அழுதுகொண்டு வந்தாள். சந்தையில் கலந்தர் மட்டும்தான் சும்மா இருந்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னார்:

"என்னடாப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு? உன்னை ஏணியால இறக்கிறதுக்குத்தானே நிக்கிறாங்க. முஸ்லிம் ஆக்களெண்டு எங்களைத் தொண்ணூறில இயக்கம் ஊராலயே இறக்கினது. ஒரு பையோட. மத்தப் பையைத் தூக்கவும் விடேல்லை."

"கலந்தர் காக்கா, அது வேற."

"வேறதான். நாங்க திரும்பி வந்து சேர இருபது வருசம் போச்சு. அதுதான் சொல்றன், ஒரு ஏணிக்குச் சோறு தின்னாமக் கிடக்காத."

வின்சன்ட் அடுத்த மீனை இழுத்துப் பலகையில் போட்டார். அது வெறும் ஏணி இல்லை என்று கலந்தருக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வின்சன்ட் கெஞ்சிக் கேட்டதால் நிரூபனும் மோட்டார் சைக்கிளில் வந்தான், கையில் இரண்டு தடித்த புத்தகங்களோடு. பாதர் இளம் ஆள், ஊருக்குப் புதிது. மூப்பர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான் ஜெறாட், பிரான்சில் இருந்து பெரிய வெள்ளிக்கு வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் முந்தியே வந்து இறங்கியிருந்தார். கோயிலுக்குப் புது ஒலிபெருக்கியெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர்.

நிரூபன் ஆண்டுகளைச் சொன்னான். புத்தகத்தைத் திறந்து காட்டினான். இரண்டு அரசர்கள், ஐம்பது வருசத்துக்கு மேல் இடைவெளி என்றான்.

மூப்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ரெண்டு பேருக்கும் பேர் ஒண்டுதானே?" என்றார்.

"பேர் ஒண்டுதான் ஐயா, ஆனா..."

"ஊர் ஒண்டுதானே?"

"ஓம்."

"இருந்த கதிரையும் ஒண்டு?"

"ஓம் ஐயா, சிங்காசனம் ஒண்டுதான்."

"பேர் ஒண்டு, ஊர் ஒண்டு, கதிரை ஒண்டு. அப்ப நீர் என்னத்தை ரெண்டாப் பிரிக்கிறீர்?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நிரூபனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, உங்கட அப்புவுக்கும் சந்தியோகுதானே பேர்? அவர் ஒரு குற்றம் செய்தா உங்களைப் பிடிக்கலாமோ?"

"என்ர அப்பு ஒரு குற்றமும் செய்யேல்லை!" என்று மூப்பர் எழும்பிவிட்டார். மண்டபம் இரண்டுபட்டது. கதை அத்தோடு சங்கிலியை விட்டு மூப்பரின் அப்புவுக்குப் போனது. அவர் நல்லவரா கெட்டவரா என்று அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.

கடைசியில் பாதர் கையை உயர்த்தினார். "எனக்கு விளங்குது. அவங்கள் ரெண்டு பேர்தான். எண்டாலும் தவக்காலத்தில சனத்தின்ர மனம் நோகக் கூடாது. மூப்பர், ஒரு வழி சொல்லுங்கோ."

மூப்பர் யோசிக்கவேயில்லை. "படத்தில முகத்தை மாத்தச் சொல்லுங்கோ. முகம் மாறினா ஏணி வின்சன்டுக்கு."

நிறையப் பேர் அதைக் கேட்டார்கள். பாதர் தலையாட்டியதையும் பார்த்தார்கள்.

வெளியே, கோயில் மதிலோடு நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வின்சன்ட் அந்தப் பெடியனின் கையைப் பிடித்தார். அவருக்கு மகன் வயது அவனுக்கு.

"தம்பி..."

"அண்ணை, கேக்காதேங்கோ. நான் கீறினதுக்குள்ள ஒரேயொரு நல்ல படம் அது. அந்த முகம் இல்லாட்டி அது படமே இல்லை."

"உமக்கு வயசிருக்குது, இன்னொரு படம் கீறலாம். எனக்கு இன்னொரு ஏணி இல்லை தம்பி."

நிரூபன் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான். பிறகு, "வெள்ளிக்கிழமை காலமை வாங்கோ. நீங்களும் பக்கத்தில நிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை வின்சன்ட் போனார். காவலாளி மண்டபத்தைத் திறந்துவிட்டான். அன்றைக்குத்தான் அவர் அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

ஐயோ, அது அவருடைய முகமா? சவரம் செய்கிற கண்ணாடியில் தெரிகிற முகம் அதுவல்ல. அது வள்ளத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போன இருபது வயதுப் பெடியனின் முகம். ஐம்பத்தைந்து வயதுக் கன்னத்தோடும் நரைத்த தாடியோடும். அந்தப் பெடியன் அன்று அழவில்லை. அவன் விழுங்கின கண்ணீர் முழுக்க இங்கே, இந்த அரசனின் கண்ணுக்குள் வந்து நின்றது. தன்னை ஒரு மனிதன் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறானா! பவுலீன்கூட இப்படிப் பார்த்ததில்லை.

ஏணிக் கதிரையில் ஏறி நின்ற நிரூபன் தூரிகையோடு திரும்பினான். "சொல்லுங்கோ அண்ணை. அழிக்கட்டோ?"

வின்சன்டுக்கு ஒரு சொல் போதும். 'வேண்டாம்' என்றால் அந்தப் பெடியன் கீழே குதித்து அவரைக் கட்டிப்பிடித்திருப்பான். ஆனால் அவருக்குக் குறடும், வெள்ளைச் சீலையும், அண்ணாந்து பார்க்கிற ஊரும் தெரிந்தது. தகப்பனின் கை தெரிந்தது.

"அழிச்சுப்போடும்," என்றார்.

ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆகவில்லை. நெற்றியில் இருந்து கறுப்பு முடியை அடர்த்தியாக இறக்கினான். கண் போனது, மூக்குப் போனது, வாய் போனது. குனிந்த தலையும் முடியும் கழுத்தும் மிஞ்சின. மேடையைப் பற்றிக்கொண்டு கிடந்த அரசி இப்போது முகமில்லாத ஒருவனுக்காகக் கதறிக்கொண்டிருந்தாள். நிரூபன் இறங்கி, தூரிகையைக் கழுவி, வின்சன்டைப் பாராமலே வெளியே போனான்.

மாறிய படத்தை, கையோடு கொண்டுபோயிருந்த டிலக்சனாவின் கைபேசியில் எடுத்து மூப்பருக்கு அனுப்பினார். மூப்பர் பெருவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். வின்சன்ட் அன்றிரவு நிம்மதியாகப் படுத்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசைக்குப் பிறகு, பாஸில் யார் யாருக்கு என்ன வேலை என்று கோயில் பலகையில் ஒட்டினார்கள். வலப்பக்கத்து ஏணி: ஜெறாட் பீரிஸ்.

வின்சன்ட் இரண்டு தடவை வாசித்தார். பிறகு மூப்பரைத் தேடிப்போனார்.

"படத்தை மாத்தினது நல்ல வேலை, வின்சன்ட். பாதருக்கும் சந்தோசம்," என்றார் மூப்பர், தோளில் கை போட்டு. "ஆனா நீ மாத்துவியோ மாத்தமாட்டியோ எண்டு தெரியாம நாங்கள் ஜெறாட்டிட்டச் சொல்லிப்போட்டம். அவர் மனிசி பிள்ளையளையும் ரிக்கற் போட்டுக் கூப்பிட்டிட்டார். ஒரு வருசம்தானே?"

எத்தனை இலேசாகச் சொல்லிவிட்டார்!

பெரிய வியாழன் பின்னேரம் வின்சன்ட் கிணற்றடியில் குந்தி, வழக்கம்போலக் கையைத் தேய்த்தார். பவுலீன் பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டப் போய், கையை எடுத்து முகர்ந்து, "மணக்கேல்லை" என்றாள். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் சனத்துக்குள் நின்றார். ஜெறாட் புது வெள்ளைச் சட்டையோடு ஏறினார். பிள்ளைகள் கீழே நின்று கைபேசியில் பிடித்தார்கள். முதல் ஆணியைப் பிடுங்கும்போது ஏணி ஆடியது. மூப்பர் கூட்டத்துக்குள் கண்ணைச் சுழற்றி, கையைக் காட்டினார்.

"வின்சன்ட், ஏணி ஆடுது. வந்து பிடி."

அவர் போனார். பிடித்தார். ஜெறாட்டின் குதிக்கால் அவர் காதோடு உரசிக்கொண்டு நின்றது. ஆண்டவரின் உடல் வெள்ளைச் சீலையில் அவர் தலைக்கு மேலால் இறங்கியது. ஒரு முழத் தூரம். கையை விட்டால் ஏணி சரியும். விடாவிட்டால் தொட முடியாது. அவர் விடவில்லை. பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அந்த அழுகையில் ஒரு துளியாவது அவருக்காக இருந்ததோ, தெரியாது.

பிறகு கோயிலுக்குள், ஆண்டவரின் பாதத்தை முத்தி செய்ய, முத்தமிட்டு வணங்க, வரிசை. வின்சன்ட் பவுலீனுக்கு முன்னால் நின்றார். பாதத்தடியில் நின்ற மூப்பர், நல்ல மனிதரைப் போல அவருடைய காதருகே குனிந்து, "பாத்தியோ, எல்லாம் வடிவா முடிஞ்சுது" என்றார்.

அந்தச் சொல்தான் தாங்கமுடியாமல் போனது. வின்சன்ட் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர், மூப்பர்!"

மணி அடிக்காத, பாட்டு இல்லாத நாள் அது. குரல் கடைசி வரிசை வாங்குவரைக்கும் போய் முட்டியது.

"சத்தம் போடாத..."

"அவங்கள் ரெண்டு பேர். வெட்டுவிச்சவன் ஒருத்தன். வெட்டுப்பட்டுச் செத்தவன் இன்னொருத்தன். செத்தவனுக்குத்தான் நான் முகம் குடுத்தனான். அந்த முகத்தையும் உங்களுக்காக அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறன்."

பீடத்துப் பக்கம் நின்ற பாதர் புத்தகத்தைப் பார்த்தார். வின்சன்ட் பாதத்தை முத்தி செய்யாமலே வரிசையை விட்டு விலகி, நடுப்பாதையால் வெளியே போனார். பவுலீன் போகவில்லை. அவள் குனிந்து, ஆறுதலாக முத்தி செய்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

சனிக்கிழமை காலமை அவள் தெருக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரோடு திரும்பினாள். வின்சன்ட் வாசலில் குந்தியிருந்தார்.

"என்ன கதைக்கினம்?" என்று கேட்டார்.

"பெரிய வெள்ளியண்டு, கோயிலுக்குள்ள, ஆண்டவரின்ர காலடியில நிண்டு நீங்கள் சங்கிலிக்காக வாதாடினீங்களாம். முந்தி ஒரு சந்தேகம் இருந்ததாம், இப்ப அதுவும் இல்லையாம். இனி எந்த வருசமும் உங்களை ஏணி தொட விடக் கூடாதாம்."

வின்சன்ட் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தச் சங்கிலிக்காக எண்டு நீ கேட்டனியோ?"

பவுலீன் வாளியை இறக்கி வைத்தாள்.

"கேட்டனான். அப்ப நீயுமோ எண்டு கேக்கினம்."